ஷூ முதலில், பெடல் அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஹெல்மெட், விளக்கு, தண்ணீர் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியிருந்தார்கள். கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு வரி உறுத்துகிறது: வேகம் கூடியதும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாறலாம், அதற்கான ஷூவை வழக்கமாகப் போடும் அளவிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று. அதை நம்பி ஆன்லைனில் ஆர்டர் போட்டால் ஷூ திரும்பிப் போகும். திரும்பிப் போகாவிட்டால் இன்னும் மோசம், காலிலேயே கிடந்து வதைக்கும்.

கிளிப்லெஸ் பெடல் என்பது ஷூவின் அடியில் திருகியிருக்கும் கிளீட் என்ற சிறு துண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்வது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை பாதம் அதே இடத்தில், ஏறக்குறைய அதே கோணத்தில் அழுந்துகிறது. நடக்கிற ஷூ வளையும், நாள்பட இளகும். சைக்கிள் ஷூவின் அடிப்பாகம் கெட்டியான நைலானாகவோ கார்பன் ஃபைபராகவோ இருக்கும். வளையக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆகவே "போடப் போட இளகிடும் சார்" என்று கடையில் சொன்னால் தலையாட்ட வேண்டாம். மேல்பகுதி கொஞ்சம் இளகலாம். நீளமும் அடிப்பாகத்தின் அகலமும் வாங்கிய அன்று என்னவோ அதுதான் கடைசிவரை.

எண்ணில் இருக்கும் குழப்பம் தனி. நம் ஊர் ஷூ பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது பிரிட்டிஷ் எண்: 7, 8, 9. அதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் சுமார் 8.5 மி.மீ. வித்தியாசம். சைக்கிள் ஷூக்களோ ஐரோப்பிய எண்ணில் வருகின்றன. அதில் ஒரு படி சுமார் 6.7 மி.மீ.தான். இரண்டின் படிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அதனால்தான் ஒரே 8-ஐ ஒரு நிறுவனம் 42 என்கிறது, இன்னொன்று 42.5 என்கிறது. எண்ணை எண்ணாக மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு சென்டிமீட்டருக்குப் போய்விடுங்கள். சைக்கிள் பாகங்களும் ஷூவும் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் அட்டவணையில் 41 என்றால் 25.8 செ.மீ., 42 என்றால் 26.5, 43 என்றால் 27.2. இது பாதத்தின் நீளம், ஷூவின் நீளமல்ல. வேறு நிறுவனத்தின் ஷூ என்றால் அதன் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

பாதத்தைச் சாயங்காலம் அளக்க வேண்டும். நாள் முழுக்க நின்று நடந்த கால் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். நம் வெயிலில் மூன்று மணி நேரம் மிதித்த காலும் அப்படித்தான் இருக்கும். சைக்கிள் ஓட்டும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். தரையில் தாளை விரித்து, குதிகால் சுவரைத் தொடும்படி, இரண்டு காலிலும் உடல் எடை சமமாக இறங்க நேராக நில்லுங்கள். இன்னொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து மிக நீண்ட விரலின் நுனியிலும், பாதத்தின் மிக அகலமான இரு பக்கங்களிலும் குறிக்கட்டும். சிலருக்கு நீண்ட விரல் பெருவிரல் அல்ல, இரண்டாவது விரல். தானே குனிந்து அளந்தால் எடை முன்னும் பின்னும் போய் அளவு தவறும். இரண்டு காலையும் அளந்து பெரிய காலுக்கே ஷூ வாங்க வேண்டும். சிறிய காலுக்கு உள்தாளுக்கு (இன்சோல்) அடியில் மெல்லிய தாள் ஒன்றைக் கூடுதலாக வைத்துச் சரிக்கட்டலாம். பெரிய காலைச் சுருக்க வழியில்லை.

நீளத்தில் ஏமாறுகிறவர்களைவிட அகலத்தில் ஏமாறுகிறவர்களே நம்மிடையே அதிகம் என்பேன். வீட்டுக்குள் வெறுங்கால், வெளியே செருப்பு என்று வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்து இருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலோடே வாழ்ந்தவர்களின் பாதங்களை அளந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வும், ஷூ போட்டுப் பழகியவர்களைவிட அவர்களின் பாதம் அகலமானது என்றே காட்டியது. ஐரோப்பியப் பந்தய ஷூக்கள் பலவும் ஒடுக்கமான அச்சில் செய்யப்படுகின்றன. விரிந்த பாதத்தை அதில் திணித்தால் விரல்களுக்கு இடையே ஓடும் நரம்பு எலும்புகளுக்கு நடுவில் நசுங்கும். முதலில் மூன்றாவது, நான்காவது விரல் மரத்துப் போகும். அப்புறம் உள்ளங்காலின் முன்பகுதி தணல் வைத்தாற்போல் எரியும். ஓட்டுகிறவர் அதற்கு வெயிலைக் குறை சொல்வார்.

இதற்குப் பலரும் செய்யும் பரிகாரம் ஓர் எண் பெரிதாக வாங்குவது. அதில் இரண்டு கேடு. நீளம் கூடும் அளவுக்கு அகலம் கூடுவதில்லை, ஆகவே இறுக்கம் முழுவதும் போகாது. குதிகால் மட்டும் தூக்கித் தூக்கி அடிக்கும். இரண்டாவது கேடு கண்ணுக்குத் தெரியாதது: நீளமான ஷூவில் கிளீட் மாட்டும் துளைகளும் பாதத்துக்கு முன்னால் நகர்ந்துவிடுகின்றன. குதிகால் பின்னால் ஒட்டியிருக்க, கிளீட் விரல்களுக்கு அடியில் போய் நிற்கும். எவ்வளவு பின்னால் இழுத்தாலும் போதாது. நீளம் சரியாக இருந்து அகலம் மட்டும் பற்றாவிட்டால், அதே எண்ணில் அகல வகையைக் கேளுங்கள். ஷிமானோ பல மாடல்களில் 'வைட்' என்று தனியாகத் தருகிறது. சிடி (Sidi) நிறுவனத்தில் அதற்கு 'மெகா' என்று பெயர். லேக் நிறுவனத்திலும் அகல அச்சுகள் உண்டு. போன்ட் ஷூக்களைச் சூடேற்றி இளக்கிப் பாதத்தின் வடிவுக்குக் கொண்டுவரலாம். இவையெல்லாம் நம் கடைகளில் அலமாரியில் காத்திருப்பதில்லை, சொல்லித்தான் தருவிக்க வேண்டும். அதில் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: எல்லா வகையையும் வாங்கி வைக்க முடியாதுதான், ஒரே ஒரு மாடலில் 40 முதல் 45 வரை போட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு ஜோடி வரிசை வைத்தால் போதும். பெட்டியில் சென்டிமீட்டரைப் பேனாவால் எழுதுவதற்குச் செலவே இல்லை.

கடையில் போட்டுப் பார்க்கும்போது முதல் வேலை, உள்ளே இருக்கும் உள்தாளை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் வெறுங்காலோடு நிற்பது. சுண்டுவிரல் பக்கம் சதை விளிம்பைத் தாண்டிப் பிதுங்கினால் அந்த ஷூ அந்தக் காலுக்கு ஆகாது, போட்டே பார்க்க வேண்டாம். பிதுங்கவில்லை என்றால் உள்தாளைத் திரும்ப வைத்துப் போட்டு, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, பட்டைகளை நடுத்தரமாக இறுக்குங்கள். விரல் நுனிக்கு முன்னால் 5 முதல் 8 மி.மீ. இடம் வேண்டும். விரல்களை மேலும் கீழும் அசைக்க முடிய வேண்டும். குதிகால் அசையக் கூடாது. வெல்க்ரோ, லேஸ், திருகி இறுக்கும் போவா டயல் எதுவானாலும் முழுதாக இறுக்கினால்தான் பிடிக்கிறது என்றால் ஷூ பெரிது. கடைசி முனை வரை தளர்த்தினால்தான் கால் நுழைகிறது என்றால் சிறிது. போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். புறங்காலின் மேல் பட்டை அழுத்துவது முதல் நிமிடத்தில் தெரியாது. நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம், கெட்டியான அடிப்பாகத்தில் நடந்தால் எல்லா ஷூவுமே குதிகாலில் கழலும்.

எந்தப் பெடல் என்பது இதற்குப் பிறகு வருகிற கேள்வி. ஷூவின் அடியில் இரண்டு திருகுத் துளையா, மூன்றா என்பதே அதைத் தீர்மானித்துவிடும். மூன்று துளை வகை சாலைப் பந்தயத்துக்கானது. லுக் நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த பெடலின் வழி வந்தது. 1985-இல் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில்தான் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அகலமான பிளாஸ்டிக் கிளீட் ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மொசைக் தரையில் வழுக்கும், நடக்க நடக்கத் தேயும். இரண்டு துளை வகையில் சிறிய இரும்புக் கிளீட் அடிப்பாகத்தின் பள்ளத்துக்குள் ஒடுங்கிவிடும், சாதாரணமாக நடக்கலாம். டீக்கடை, பெட்ரோல் பங்க், கோயில் வாசல் என்று இறங்கி ஏறுகிறவர்களுக்கும், 13.5 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய 200 கி.மீ. பிரவே என்ற நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொள்கிறவர்களுக்கும் இதுவே போதும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கிளிப் என்று இருக்கும் ஷிமானோ இ.எச்.500 போன்ற பெடலில், நகரத்துக்குள் செருப்போடும் ஓட்டலாம். மூன்று துளைதான் வேண்டும் என்கிறவர்கள் முதலில் ஷிமானோவின் மஞ்சள் கிளீட்டைப் போடட்டும். அதில் குதிகால் 6 பாகை வரை இடம் வலமாக ஆட இடமுண்டு. நீலத்தில் 2 பாகை. சிவப்பில் அசைவே இல்லை. அது தன் கோணத்தைத் துல்லியமாகத் தெரிந்தவர்களுக்கு.

கிளீட்டைப் பொருத்த 4 மி.மீ. ஆலன் கீயும் கொஞ்சம் கிரீஸும் வேண்டும். ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரலின் அடியில் உட்பக்கம் புடைத்திருக்கும் எலும்பைத் தொட்டுப் பார்த்து அதற்கு நேரே ஷூவில் குறி வையுங்கள். சுண்டுவிரலின் அடியில் வெளிப்பக்கம் இருக்கும் எலும்புக்கும் அப்படியே. பெடல் அச்சு இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில் வர வேண்டும். சந்தேகம் வந்தால் முன்னால் தள்ளாமல் பின்னால் வையுங்கள். கிளீட் முன்னால் போனால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் தேவையில்லாமல் உழைக்கும், விரல்களும் மரத்துப் போகும். கோணத்துக்கு, உயரமான மேசையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பாதம் வெளியே திரும்பித் தொங்கினால் கிளீட்டும் அதற்கு இணங்க வேண்டும். இரண்டு பாதமும் நேரே பார்த்தால்தான் அழகு என்று திருப்பி வைத்தால் முழங்காலின் பக்கவாட்டில் வலி வரும். வலி முன்பக்கம் என்றால் கிளீட்டைத் தொடும் முன் சீட் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய ஷூவும் பெடலும் பாதத்தை அச்சிலிருந்து சில மி.மீ. உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யும், சீட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். சிறிய ஃபிரேம் சைக்கிளில் ஷூ நுனி முன்சக்கரத்தில் இடிக்கிறதா என்பதை ஹேண்டிலைத் திருப்பி நின்ற இடத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.

இடது பெடலின் மரை தலைகீழானது. ஸ்பேனரை அச்சின் மேல்பக்கம் வைத்து முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலுமே இறுகும், பின்னோக்கித் தள்ளினால் கழலும். இது தெரியாமல் பலம் காட்டியவர்களால் கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு) மரை போன சைக்கிள்கள் மெக்கானிக் கடைகளுக்கு அடிக்கடி வரும்.

புதிதாக மாறுகிறவர்கள் எல்லாரும் பயப்படுவது நிற்கும்போது கால் வராமல் சாய்ந்து விழுவதற்கு. பெடலில் இருக்கும் இறுக்கத் திருகை முழுவதும் தளர்த்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முப்பது நாற்பது முறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். காலை மேலே இழுத்தால் வராது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். எப்போதும் ஒரே காலைத்தான் முதலில் எடுப்பது என்று வைத்துக்கொண்டு, பிரேக் பிடிப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். நம் சாலையில் ஆட்டோவும் மாடும் சிக்னல் போட்டுக்கொண்டு நிற்காது. நன்றாகப் பழகியவர்களையும் ஒரு காரணம் விழவைக்கும்: இரண்டு துளைக் கிளீட்டின் ஒரு திருகு கழன்று விழுந்திருக்கும். அப்போது குதிகாலைத் திருப்பினால் ஷூ மட்டும் மிச்சமிருக்கும் திருகில் சுழலுமே தவிர, கிளீட் திரும்பாது, பெடலை விடாது. அப்படி ஆனால் பட்டையைத் தளர்த்திக் காலை ஷூவிலிருந்து உருவிக்கொள்ள வேண்டியதுதான். திருகுகளை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி இறுக்கிப் பாருங்கள். கடலோரமாக ஓட்டுகிறவர்கள் கிரீஸ் போடாமல் விட்டால் ஆறு மாதத்தில் உப்புக் காற்றில் துருப்பிடித்து, ஆலன் கீ நுழையும் பள்ளமே வழுக்கிப் போகும்.

மழையில் நனைந்த ஷூவை வெயிலில் காய வைக்க வேண்டாம், பசை விட்டுவிடும். உள்தாளை வெளியே எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். இரண்டு முறை தாளை மாற்றினால் மறுநாள் விடியலுக்குள் காய்ந்துவிடும். தங்கள் நாளிதழின் தாள் இதற்கு அருமையாக உறிஞ்சும். ஞாயிறு இணைப்பின் வழவழத் தாள் மட்டும் உதவாது.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் வாசகர்,
திருவான்மியூர், சென்னை.