ட்ரிப் சுவிட்சை ஒதுக்கிவிட்டுப் போன உங்கள் டெக்னீசியன் பற்றிய புகார்

உப்புவெளி,
திருகோணமலை.

முகாமையாளர்,
விற்பனைக்குப் பின்னான சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

உங்கள் திருகோணமலைக் கிளையில் வாங்கிய 50 லீற்றர், 2000 வோற் சுடுதண்ணீர் ஹீட்டர் பற்றியது இது. பற்றுச்சீட்டு, வாரண்டி காட் இரண்டின் பிரதிகளையும் இணைத்திருக்கிறேன். பொருள் பழுதானது மட்டும் என்றால் தொலைபேசியில் பேசி முடித்திருப்பேன். பழுது பார்க்க வந்தவர் செய்துவிட்டுப் போன வேலையை அப்படி விட முடியாது.

ஹீட்டரைப் போட்டால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. முதலில் எப்போதாவது, பிறகு போட்டவுடனேயே. உங்கள் சேவைப் பிரிவிலிருந்து ஒரு தம்பி வந்தார். தண்ணீர் சுடுகிறதா என்று பார்த்தார், சுட்டது. "ஹீட்டரில ஒரு பிழையும் இல்லை ஐயா, உங்கட ட்ரிப் சுவிட்ச்தான் பழசு, சும்மா சும்மா விழுது" என்றார். ஹீட்டருக்குப் போகும் வயரை ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலேயே மெயினில் கொழுவிவிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு சுவிட்ச் விழவில்லைதான். எப்படி விழும்?

அந்தக் கிழமையே அம்மா குளிக்கப் போனவர், ஷவர் பைப்பைத் தொட்டதும் கை விறுவிறுக்குது என்று வெளியே வந்துவிட்டார். அவருடைய வாதக் காலுக்காகத்தான் இதை வாங்கினோம். (கன்னியா சுடுதண்ணீர் ஊற்றில் ஏழு கிணறும் கரண்ட் இல்லாமலே சுடுகின்றன, தினமும் அங்கே கூட்டிப்போக முடியாதே.)

மெயினை நிறுத்திவிட்டு, எங்கள் வீதியில் கரண்ட் வேலை செய்யும் அண்ணரைக் கூப்பிட்டேன். அவர் மீற்றரை வைத்துப் பார்த்தார். தண்ணீரைச் சுடவைக்கும் எலிமென்ட்டின் இரண்டு முனைகளுக்கும் இடையில் 26 ஓம் அளவில் காட்டியது. 2000 வோற்றுக்கு அது சரி, அதனால்தான் தண்ணீர் சுட்டது. முனைக்கும் தாங்கியின் உடலுக்கும் இடையில் தொடர்பே இருக்கக் கூடாது, இருந்தது. கழற்றினால், எலிமென்ட் முழுக்கச் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புப் படை. ஸ்குரூ ட்ரைவரால் தட்டி உதிர்த்ததும், வளைவில் அதன் உலோக உறை நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது தெரிந்தது. கரண்ட் கசிந்தது அந்த வழியாகத்தான். பக்கத்தில் இருக்க வேண்டிய மக்னீசியக் கம்பி கரைந்து, நடுவில் உள்ள வெறும் இரும்புக் கம்பிதான் மிச்சம்.

போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒரே அளவா என்று பார்ப்பதுதான் ட்ரிப் சுவிட்சின் வேலை. எங்கள் வீட்டில் இருப்பது 30 மில்லி அம்பியர் சுவிட்ச். அந்த அளவு கசிந்தால் அது விழத்தான் வேண்டும். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. உங்கள் ஆள் அதன் வாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இதைச் சொல்லக் கிளைக்கு எடுத்தபோது, கிணற்றுத் தண்ணீர் பாவித்தால் வாரண்டி இல்லை என்றார்கள். வாங்கும்போது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, பற்றுச்சீட்டிலேயே "கிணறு" என்று குறித்தவர் உங்கள் விற்பனையாளர். வாரண்டி காட்டில் அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. தாங்கி துருப்பிடிக்காமலிருக்க, அதற்குப் பதிலாகக் கரைவதற்கென்றே வைத்த அந்த மக்னீசியக் கம்பியை அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. கையேட்டில் இருக்கலாம், அது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் அச்சடித்திருக்கிறது. திருகோணமலையில் விற்கிறீர்கள்.

எலிமென்ட்டையும் மக்னீசியக் கம்பியையும் கட்டணமில்லாமல் மாற்றித் தாருங்கள். வயரிங்கை, தகுதியுள்ள ஒருவரை அனுப்பிப் பழையபடி ட்ரிப் சுவிட்சின் கீழ் கொண்டுவந்து, ஏர்த்தையும் சோதித்து எழுத்தில் தாருங்கள். அந்தத் தம்பி இதே வேலையை வேறு எந்த வீடுகளில் செய்தார் என்று உங்கள் சேவைப் பதிவுகளைப் பார்த்து, அங்கேயும் உடனே ஆள் அனுப்புங்கள். என் ஹீட்டர் பிந்தினாலும் பரவாயில்லை, இது பிந்தக் கூடாது.

இரண்டு கிழமைக்குள் தமிழில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதே கடிதத்தை அனுப்புவேன். வெடித்த எலிமென்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்து பார்க்கலாம், படமெடுக்கலாம். விடயம் முடியும்வரை அதை யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் தொலைபேசி இலக்கமும் இணைத்த பற்றுச்சீட்டில் உள்ளன)