கண்ணாடியை ஒட்டச் சொல்லாதே, அம்மு

அன்புள்ள அம்முவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். காரில் கால் வைக்கிற இடத்தில் கார்பெட் சொதசொதவென்று இருக்கிறது, காலையில் வண்டியை எடுத்தால் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வேர்த்துக் கிடக்கிறது, ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போல ஒரு வாடை. வண்டியைப் பார்த்த மெக்கானிக், கூரையில் திறக்கிற சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி சீலன்ட் பசை போட்டு அடைத்துவிடலாம், இல்லையென்றால் மொத்த சன்ரூஃபையும் மாற்ற வேண்டும் என்றாராம். சனிக்கிழமை வண்டியை விடப்போவதாகச் சொன்னாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். தாளில் இருந்தால் காரின் பக்கத்தில் நின்று படித்துக்கொண்டே செய்யலாம்.

முதலில் ஒன்று. கண்ணாடியை ஒட்டச் சொல்லாதே. அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது நம்மிடம் இருந்த கார் உனக்கு நினைவிருக்கும். மழை பெய்த மறுநாள் பிரேக் போட்டால் உள்விளக்குப் பக்கத்திலிருந்து தண்ணீர் கொட்டும். நீ பின் சீட்டில் காலை மடக்கி வைத்துக்கொண்டு, புத்தகப் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வருவாய். மேலே ஒழுகுகிறது, அப்படியானால் மேலே அடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து நான்தான் கண்ணாடியைச் சுற்றிப் பசை போடச் சொன்னேன். ஓடும்போது கூரை லேசாக முறுக்கிக்கொள்ளும். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். சில மாதங்களில் பசையில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு விட்டு, தண்ணீர் பழையபடி இறங்கியது. ஆனால் கண்ணாடியைத் திறக்க முடியவில்லை. திறக்க முடியாததால் உண்மையான கோளாறு இருந்த இடத்துக்குக் கை போகவே இல்லை. கடைசியில் பசையை அறுத்தெடுத்தபோது பெயின்ட் போனது. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தபோது தரைத்தகடு துருப்பிடித்து, விரலால் குத்தினால் உதிர்ந்தது. அந்தக் காரை அப்புறம் வைத்திருக்க முடியவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரியாதது இதுதான்: சன்ரூஃப் வழியாகத் தண்ணீர் உள்ளே வருவது கோளாறே இல்லை. அதைச் செய்தவர்களே வரும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். கண்ணாடியைச் சுற்றி இருக்கிற ரப்பர் பீடிங் காற்றையும் பெரும்பாலான தண்ணீரையும் தடுக்கும், முழுவதையும் அல்ல. தாண்டி வருவதைப் பிடிக்கத்தான் கண்ணாடிக்கு அடியில் சுற்றிலும் வாய்க்கால் மாதிரி ஒரு தட்டு இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தட்டின் நான்கு மூலையிலும் துளை இருக்கும். ஒவ்வொரு துளையிலிருந்தும் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு டியூப் இறங்கும். முன்னால் இருக்கிற இரண்டும் முன்கண்ணாடியின் இரு பக்கத்துத் தூணுக்குள் இறங்கி, முன்கதவின் கீல் பக்கமோ முன்சக்கரத்துக்கு மேலேயோ வெளியே வரும். பின்னால் இருப்பவை பின்தூணுக்குள் இறங்கி, பின்சக்கரத்தின் பக்கம் அல்லது பம்பருக்குப் பின்னால் முடியும். இந்த டியூப்கள் திறந்திருக்கிறவரை எத்தனை மழை பெய்தாலும் உனக்குத் தெரியவே தெரியாது. அடைத்துக்கொண்டால்தான் தட்டு நிரம்பி, விளிம்பைத் தாண்டி, கூரையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற ரூஃப் லைனிங் துணியில் ஊறி, தூணின் வழியாகக் காலடிக்கு வருகிறது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லிட்டர் தண்ணீர். அதில் பத்தில் ஒரு பங்கு பீடிங்கைத் தாண்டினாலே 1 லிட்டர் உன் கார்பெட்டில் இருக்கும். ஒரே ராத்திரியில்.

அடைப்பது பெரிய பொருளெல்லாம் இல்லை. இலைத்தூள், மகரந்தம், சாலைப்புழுதி, மரத்திலிருந்து விழும் பிசின். எல்லாம் ஈரத்தில் குழைந்து களிமண் போல ஆகிவிடும். சிலந்தியும் குளவியும் கூடு கட்டுவதும் உண்டு. நீ வண்டியை மரத்தடியில்தான் நிறுத்துகிறாய் என்று சொன்னாய், அதனால்தான் எனக்குச் சந்தேகம் முழுக்க டியூப் மேலேயே போகிறது.

ஆனாலும் சந்தேகத்தை வைத்து வேலை செய்யாதே, முதலில் உறுதிப்படுத்திக்கொள். மழையே இல்லாத நாளில், ஏசி ஓடிய பிறகு மட்டும் முன்னால் ஈரமானால் அது ஏசித் தண்ணீர் போகும் குழாயின் அடைப்பு. தொட்டால் வழவழப்பாக, இனிப்பான ஒரு நெடியோடு இருந்தால் இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் கசிகிறது. உடனே காட்ட வேண்டியது அது. கதவோரம் மட்டும் நனைந்திருந்தால் கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் பிரிந்திருக்கலாம். மழைக்குப் பிறகு மட்டும், அதுவும் லைனிங்கின் ஓரத்தில் பழுப்புக் கறையோடு, தூணைத் தடவினால் ஈரத்தோடு இருந்தால் டியூப்தான். இன்னொன்றும் கவனி. வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நிற்கும்போது நனைந்தால் முன் டியூப். மேட்டைப் பார்த்து நிற்கும்போது டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற குழியில் தண்ணீர் தேங்கினால் பின் டியூப்.

சோதனை சுலபம். சமமான தரையில் நிறுத்தி, சன்ரூஃபை முழுக்கத் திற. சாய்த்துத் திறப்பது போதாது, தட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஈரத்துணியால் தட்டை வழித்தெடு. அள்ள அள்ளக் கறுப்பாக வரும். அதை டியூபுக்குள் தள்ளிவிடாமல் வெளியே எடு. பிறகு முன்மூலைத் துளையின் பக்கத்தில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே சக்கரத்தின் பக்கம் குனிந்து பார். நல்ல டியூப் என்றால் சில நொடிகளில் தரையில் ஒழுகத் தொடங்கிவிடும். தட்டிலேயே நின்றால் அடைப்பு. சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு, அதையும் விட்டுவைக்காதே. மேலே வேகமாக வடிந்து, கீழே ஒன்றுமே வராமல், காருக்குள் ஈரம் ஏறினால் டியூப் மூட்டிலிருந்து கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது. அப்படியானால் அந்த நொடியே ஊற்றுவதை நிறுத்திவிடு. லைனிங்கை இறக்கித்தான் மாட்ட முடியும், அது உன் வேலை இல்லை. தூணின் மேல்மூடியையும் நீ கழற்றாதே. பல வண்டிகளில் அதற்குள் ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறார்கள்.

அடைப்பு என்று தெரிந்தால் பெரும்பாலும் நீயே எடுத்துவிடலாம். ஈரத்தையும் இழுக்கக்கூடிய வேக்குவம் கிளீனர் கிடைத்தால் அதுதான் எல்லாவற்றிலும் பத்திரமான வழி. குழாயின் வாயைத் துளை மேல் வைத்து, சுற்றிலும் துணியை அமுக்கிப் பிடித்து மேல்நோக்கி இழு. அழுக்கு வந்த வழியே திரும்பிவிடும். அது இல்லையென்றால் புல் வெட்டும் இயந்திரத்தில் சுற்றுவார்களே, 2 மில்லிமீட்டர் சொச்சம் தடிமனில் நைலான் நரம்பு, அதில் ஒன்றரை மீட்டர் போல வெட்டிக்கொள். நுனியை நெருப்பில் லேசாகக் காட்டி உருண்டையாக்கிக்கொள். கூர்மையாக இருந்தால் டியூபைக் குத்திவிடும். திருகித் திருகி மெதுவாக இறக்கு. எங்கே தடுக்கிறதோ அங்கே பலத்தைக் காட்டாதே. பின்னால் இழுத்து, திருகி, மறுபடி தள்ளு. நான் முதல்முறை செய்தபோது ஒரு டியூபுக்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழி விட்டதும் கொஞ்சம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரை ஊற்று, பிறகு நல்ல தண்ணீர். கீழே வருவது தெளிந்த தண்ணீராகும்வரை விடாதே.

கம்பி வேண்டாம். கோட் மாட்டுகிற ஹேங்கரை நிமிர்த்திக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், டியூபைக் கிழிப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. யாராவது கம்ப்ரஸர் வைத்து ஏர் பிடித்துவிடலாம் என்றால் அதையும் தடுத்துவிடு. டயருக்குக் காற்றடிக்கிற அழுத்தத்தில் அடித்தால் அடைப்பு நகர்வதற்கு முன்னால் தூணுக்குள் டியூப் மூட்டை விட்டுத் தெறித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கழன்றால் அதுவரை சொட்டியது அப்புறம் கொட்டும்.

மேலிருந்து குத்தியும் வழி விடவில்லையென்றால் அடைப்பு அடிமுனையில் இருக்கும். பல வண்டிகளில் அந்த முனையில் வாத்தின் அலகு போல ஒட்டிய இரண்டு உதடுகளோடு ஒரு ரப்பர் வால்வு இருக்கும். பூச்சியும் புழுதியும் சத்தமும் மேலே ஏறாமல் இருக்க வைத்தது. அந்த உதடுகளுக்கு நடுவில்தான் சேறு கட்டிக்கொள்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் லைனரின் சில கிளிப்புகளை எடுத்தால் பெரும்பாலும் தெரியும். முன்கதவைத் திறந்தாலே கீல் பக்கம் தெரிகிற வண்டிகளும் உண்டு. வால்வை விரலால் பிசைந்துவிடு, சேறு பிதுங்கி வந்ததும் மேலே நின்ற தண்ணீர் கையிலேயே கொட்டும். அந்த நிமிடம் எவ்வளவு நிம்மதி என்று நீயே பார்ப்பாய். வால்வை வெட்டி எறிந்துவிடச் சொல்வார்கள். நான் வெட்ட மாட்டேன், சுத்தம் செய்தால் போதும். ஜாக்கி மட்டும் தாங்குகிற வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் தலையை விடாதே, அம்மு.

பின்மூலைத் துளைகள் கண்ணாடி பின்னால் போனதும் அதற்கு அடியில் மறைந்துவிடும். அவற்றைக் கீழிருந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். அது மட்டும் கடையில் செய்யட்டும். அங்கே போனால் “ட்ரெயின் டியூபைச் சுத்தம் பண்ணுங்க, முடிந்ததும் என் கண் முன்னால் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்க” என்று சொல். அப்படிக் கேட்டாலே உனக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார்கள்.

டியூப் சரியாகிவிட்டது என்று கார்பெட்டை அப்படியே விட்டுவிடாதே. எனக்குப் பெரிய கவலை இதுதான். கார்பெட் மேலே காய்ந்தது போலத் தெரியும், அதற்கு அடியில் இருக்கிற கனத்த பஞ்சு லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். முழங்கையை ஊன்றி அழுத்திப் பார், நீர் ஊறி வந்தால் உள்ளே குளம்தான். பல வண்டிகளில் அந்தப் பஞ்சுக்கு அடியிலோ சீட்டுக்கு அடியிலோதான் ஒயரிங்கும் கன்ட்ரோல் யூனிட்டுகளும் போகின்றன. ஒயர்களை இணைக்கிற கப்ளர் முனைகளில் பச்சை பூத்துவிட்டால் ஒருநாள் கதவு பூட்டாது, ஒருநாள் ஏர்பேக் விளக்கு எரியும். எங்கே கோளாறு என்று தேடியே மாதங்கள் போகும்.

அதனால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கதவோரப் பட்டியை எடுத்து, கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் மரக்கட்டையோ பாட்டிலோ முட்டுக்கொடு. முதலில் வேக்குவமில் இழு, பிறகு பழைய துண்டுகளைத் திணித்து மிதித்து மிதித்துப் பிழி. அப்புறம் ஃபேனை உள்ளே திருப்பி வைத்து இரண்டு மூன்று நாளாவது ஓடவிடு. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் கப்ளர் தெரிந்தால் தொடாதே, ஏர்பேக்குக்குப் போகிற ஒயருக்குத்தான் பெரும்பாலும் அந்த நிறம். பூஞ்சை படிந்திருந்தால் மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு துடை. உனக்கு ஏற்கெனவே தும்மல் தொல்லை உண்டு, அந்தக் காற்றை மூடிய காருக்குள் தினமும் இழுத்துக்கொண்டிருக்கிறாயே என்று நினைத்தால் மனது கேட்கவில்லை. வாசனை டப்பா வாங்கி மாட்டாதே, ஈரம் போனால் வாடை தானாகப் போகும். அதுவரை ஏசியை உள்காற்றைச் சுற்றவிடாமல் வெளிக்காற்றில் வைத்து ஓட்டு. கண்ணாடி சீக்கிரம் தெளியும்.

இதெல்லாம் முடிந்த பிறகு பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்னால் ஒன்று, இலை கொட்டி முடிந்த பிறகு ஒன்று, தட்டைத் துடைத்துவிட்டு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார். பீடிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவு. சமையல் எண்ணெய், இன்ஜின் ஆயில் எதுவும் ரப்பரில் படக்கூடாது.

சனிக்கிழமை வண்டியைக் கடையில் விடுவதற்குப் பதிலாக, காலையிலேயே ஒரு டம்ளரோடு அதன் பக்கத்தில் போய் நில். டிரைவர் பக்கத்து முன்மூலையில் தொடங்கு. ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிடு, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வை. தண்ணீர் சொட்டுகிறதா இல்லையா என்று நானும் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா