ஃபார்மேட் போடுவதற்கு முன்னால்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், 'பிரவுசர் திறக்க நேரமானால் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்துவிடுவதே நல்லது' என்று ஒரு துணுக்கு வந்திருந்தது. (ஃபார்மேட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது.) படித்ததும் வயிறு எரிந்தது. நான் பட்டுக்கோட்டையில் 14 வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கடைக்குள்ளேயே மூன்று கம்ப்யூட்டர். இதே யோசனைக்கு இரண்டு முறை தலா 600 ரூபாய் அழுதிருக்கிறேன்.

காலையில் கடை திறந்து ஃபயர்பாக்ஸ் பிரவுசரை க்ளிக் செய்தால், அது திறப்பதற்குள் எதிர்க்கடையில் சொன்ன டீ வந்துவிடும். ஒருநாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன்: 1 நிமிடம் 40 விநாடி. குரூப் 4 விண்ணப்பத்துக்குக் கடைசி நாளென்றால் வாசல் வரை பிள்ளைகள் நிற்பார்கள். "லைன் ஸ்லோவாக்கா?" என்பார்கள். லைன் மேல் பழி போடுவது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்தபோதும் அதே நேரம்தான் ஆனது.

சர்வீஸ் பார்க்க வந்தவர், "ஃபார்மேட் போட்டாத்தான் சரிவரும்" என்றார். போட்டார். நான் சேர்த்துவைத்திருந்த புக்மார்க்குகளும் விண்ணப்ப மாதிரிகளும் போயின. இரண்டு மாதம் கம்ப்யூட்டர் பறந்தது. மூன்றாம் மாதம் பழைய கதை. மறுபடி ஃபார்மேட், மறுபடி 600.

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் வந்தபோதுதான் விடிவு பிறந்தது. அவன் எதையும் கழற்றவில்லை. "சித்தி, பிரவுசரை மூடிட்டு உடனே திரும்பத் திற" என்றான். இரண்டாம் முறை 30 விநாடியில் திறந்தது. முதல் தடவை படித்த கோப்புகள் ராமிலேயே (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) இருப்பதால் டிஸ்க்குக்குப் போகத் தேவையில்லை. ஆக, மிச்சமான அந்த 70 விநாடியும் ஹார்ட் டிஸ்க்கின் வேலை. மூடிவிட்டு, ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஃபயர்பாக்ஸைத் திறக்கச் சொன்னான். அப்படித் திறந்தால் ஆட்-ஆன் (பிரவுசரோடு ஒட்டவைக்கும் குட்டி மென்பொருள்) எதுவும் இல்லாமல் வரும். 12 விநாடி! மீதி 18 விநாடியைத் தின்றது யாரென்று தெரிந்துவிட்டது.

உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்பது ஆட்-ஆன்கள். பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற ஒன்று, வீடியோ இறக்க இரண்டு, முதல் பக்கத்தையே மாற்றிவைத்த ஏதோ தேடல் பட்டை ஒன்று. எதையும் நான் போடவில்லை. கடைக்கு வந்தவர்கள் தங்கள் வேலைக்குப் போட்டுவிட்டுப் போனவை. ஃபார்மேட் போட்ட இரண்டு மாதமும் பறந்ததற்கு இவை மொத்தமாகப் போனதும் ஒரு காரணம். அதற்காக வீட்டையே இடிக்க வேண்டுமா? ஃபயர்பாக்ஸின் ஹெல்ப் மெனு வழியாகப் போனால் 'ரெஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஆட்-ஆன்களையும் மாற்றிய அமைப்புகளையும் அது துடைத்துவிடும். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். காசும் கிடையாது.

இரண்டாவது மிஷினில் குரோம். அங்கே நோய் வேறு. முந்தைய நாள் விட்ட 30 பக்கங்களையும் காலையில் மறுபடி திறக்கும்படி யாரோ மாற்றிவைத்திருந்தார்கள். செட்டிங்ஸில் 'ஆன் ஸ்டார்ட்அப்' பகுதியில், புதிய டேப் பக்கம் மட்டும் திறக்கும்படி மாற்றினோம். ஷிப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் எந்தப் பக்கம், எந்த எக்ஸ்டென்ஷன் (ஆட்-ஆனுக்கு குரோமில் பெயர்) எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று குரோமே பட்டியல் காட்டுகிறது. இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்திருக்கிறேன். (மூன்றாவது மிஷின் விண்டோஸ் 7. அதற்கு குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஸ்கேனருக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.)

இனி அந்த 70 விநாடி. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. வேகம்தான். ஆனால் பிரவுசர் கேட்பது ஒரே பெரிய கோப்பை அல்ல, அங்கங்கே கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளை. கட்டாக அடுக்கிய 100 தாளை மிஷினில் வைத்தால் ஜெராக்ஸ் சடசடவென்று வந்துவிடும். அதே 100 தாளை நாலு பீரோவிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கொடுத்தால் மிஷின் என்ன செய்யும்? எஸ்எஸ்டி என்கிற புதுவகை டிஸ்க்கில் சுற்றும் தட்டே இல்லை; துண்டுகள் எங்கே கிடந்தாலும் சட்டென்று எடுத்துவிடும். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, 2,000 ரூபாய்க்குள் ஒன்றை மாட்டினோம். இப்போது காலை முதல் திறப்பே 15 விநாடிதான். இரண்டு ஃபார்மேட்டுக்குக் கொடுத்த 1,200 ரூபாயை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

தினமும் ஹிஸ்டரியையும் கேஷையும் (பார்த்த பக்கங்களின் படங்களை பிரவுசர் சேர்த்துவைக்கும் இடம்) அழித்தால் வேகம் கூடும் என்று நம்பிக்கொண்டிருந்ததும் வீண். கேஷை அழித்தால் நேற்று இறக்கிய படங்களையே இன்றும் இறக்க வேண்டியிருக்கிறது. 'கிளீனர்' என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்களோ கம்ப்யூட்டர் திறக்கும்போதே தானும் எழுந்து உட்கார்ந்துகொள்கின்றன. இடத்தை அடைப்பதில் அதுவும் ஒன்று.

துணுக்கு எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அதைப் படித்துவிட்டு இந்நேரம் எத்தனை பேர் பிள்ளைகளின் போட்டோக்களை இழந்தார்களோ என்றுதான் கவலை. அடுத்த ஞாயிறு அதே இடத்தில், மூடித் திரும்பத் திறந்து பார்க்கும் சோதனையை வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் அந்த ஷிப்ட் விஷயத்தை மட்டுமாவது போடுங்கள், இரண்டு வரிதான்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
பட்டுக்கோட்டை.