மீனாவுக்கு: லேப்டாப்பைக் கடையில் கொடுத்துவிடாதே

மன்னார்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள மீனா,

உன் மெயில் வியாழக்கிழமையே வந்துவிட்டது. உடனே எழுத உட்கார்ந்தேன், அதற்குள் சின்னவனுக்குக் காய்ச்சல், மூன்று நாள் கஷாயமும் கஞ்சியுமாகப் போய்விட்டது. இப்போது பரவாயில்லை, இன்று மத்தியானம் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். உன் மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்ததும் இவரைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் ஹாஸ்டலுக்குப் போகுமுன் ஒரு முறை இங்கே கூட்டிக்கொண்டு வா.

ஆனால் நான் இவ்வளவு அவசரமாக எழுதுவது நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்த அந்த ஒரு வரிக்காக. லேப்டாப் ஆன் ஆகிறது, பாஸ்வேர்டு போட்டால் பின்னணிப் படம் வருகிறது, அதோடு ஹேங் ஆகிவிடுகிறது, கடைக்காரர் பார்மட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார், புதன்கிழமை கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்காதே டி. பார்மட் அடித்தால் லேப்டாப் சரியாகிவிடும்தான், அதில் இருப்பதெல்லாம் போய்விடும். போன மாதம் என்னுடையதும் இதே இடத்தில்தான் நின்றது. 2012இல் சென்னை ரிச்சி தெருவில் நாம் இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடலாக வாங்கினோமே, அந்த ஜோடிக்கு இப்போது ஒரே நோய் வந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

என்னுடையதில் நடந்ததைச் சொல்கிறேன், உன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்.

காலையில் ஆன் செய்தேன். நாம் விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டிருக்கும் லினக்ஸ் மிண்டின் லோகோ வந்தது, பாஸ்வேர்டு கேட்டது, போட்டேன், அந்தப் பச்சை மலைப் படம் வந்தது. அவ்வளவுதான். கீழே பட்டை வரவில்லை, ஐகான் ஒன்றும் இல்லை. மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது, எங்கே தட்டினாலும் பதில் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்டேன், மறுபடி அதே. மூன்றாவது தடவை செய்யப் போனபோதுதான் தம்பி பையன் போனில் சொன்னான், "அத்தை, அப்படி அணைச்சு அணைச்சுப் போடாதீங்க, கேப்ஸ் லாக் விளக்கு எரியுதான்னு மட்டும் பாருங்க" என்று. தட்டினேன், எரிந்தது. மறுபடி தட்டினேன், அணைந்தது. அப்படியானால் மெஷின் சாகவில்லை, மேலே இருக்கிற டெஸ்க்டாப் மட்டும்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றான். அந்தச் சின்னப் பச்சை விளக்கைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா, நாடி பிடித்துப் பார்த்த மாதிரி இருந்தது. நீயும் முதலில் அதைப் பார். விளக்கு அசையவே இல்லையென்றால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதே, எனக்குச் சொல். அது தானாகவே விட்டு விட்டு மின்னினால் கோளாறு இன்னும் அடியில் இருக்கிறது, அப்போது ராம் என்கிற நினைவகப் பலகையைக் கழற்றி அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்துப் போடுவதில் தொடங்கவேண்டும். அதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்பது வேறு விஷயம். உன்னுடையதில் அம்பு நகர்கிறது என்று எழுதியிருக்கிறாய், அதனால் அந்த அளவுக்குப் போகாது.

அப்புறம் அவன் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னான். திரை முழுக்கக் கறுப்பாகி வெள்ளை எழுத்தில் பெயர் கேட்டது. பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாது, விசை வேலை செய்யவில்லையோ என்று பயந்துவிடாதே, அடித்துவிட்டு எண்டர் தட்டு, உள்ளே விட்டுவிடும். அங்கே டி, எஃப் என்ற இரண்டு எழுத்து, ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, எச். இது டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டுகிற கட்டளை. என்னுடையதில் வெறும் சாய்கோடு போட்ட வரிக்கு, அதாவது சிஸ்டம் இருக்கிற இடத்துக்கு, நேரே 100 சதவீதம் என்று நின்றது. 320 ஜிபி டிஸ்க், ஒரு துளி இடம் இல்லை.

டெஸ்க்டாப் திறக்கும்போது அது சின்னச் சின்னதாக எத்தனையோ ஃபைல்களை எழுதிக்கொண்டே வரும், எழுத இடமில்லை என்றால் பாதியில் நின்றுவிடும், அதுதான் நாம் பார்த்த ஹேங். டிஸ்க் நிரம்பிவிட்ட பிறகும் அந்தக் கறுப்புத் திரையில் வேலை செய்ய முடிந்ததற்கும் காரணம் உண்டு. லினக்ஸ் டிஸ்க்கில் வழக்கமாக 5 சதவீதத்தை நிர்வாகிக்கு என்று ஒதுக்கிப் பூட்டி வைத்திருக்கும், நாம் எவ்வளவு கொட்டினாலும் அதைத் தொட முடியாது. என்னுடையதில் கிட்டத்தட்ட 15 ஜிபி. அதை முதலில் யோசித்து வைத்தவர்களை மனதாரக் கும்பிட்டேன்.

இடத்தை அடைத்தது பாதி கல்யாண வீடியோக்கள், மீதி டைம்ஷிஃப்ட் என்கிற பேக்கப் செயலி. மிண்ட் போட்ட அன்றைக்கே தினம் ஒன்று, வாரம் ஒன்று, மாதம் ஒன்று என்று எல்லாவற்றிலும் நான் டிக் போட்டு வைத்திருந்தேன், அது சிஸ்டத்தின் பழைய நிலைகளைப் பத்திரப்படுத்திப் பத்திரப்படுத்தி அதே டிஸ்க்கிலேயே அடுக்கிவிட்டது. உனக்கும் அன்று போனில் அப்படியேதான் சொல்லிக்கொடுத்தேன், அதனால்தான் சந்தேகப்படுகிறேன். பழையவற்றை டைம்ஷிஃப்டின் சொந்தக் கட்டளையாலேயே நீக்கினோம். 40 ஜிபிக்கு மேல் காலியானது.

மறுபடி ஆன் செய்தேன். அதே பச்சை மலை, அதே அம்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பையன் விடவில்லை. அதே கறுப்புத் திரையில் புதிதாக ஒரு யூசரை உருவாக்கச் சொன்னான், அந்தப் பெயரில் உள்ளே போனால் டெஸ்க்டாப் அழகாக வந்து நின்றது. இந்தச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சிஸ்டம் நன்றாக இருக்கிறது, என் கணக்குக்குள் இருக்கிற ஏதோ ஒரு ஃபைல்தான் கெட்டிருக்கிறது என்பது ஒரே அடியில் தெரிந்துவிட்டது. நம் மிண்டில் இருக்கிற எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் நாம் வெளியேறும்போது திறந்திருந்தவற்றை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அப்படியே திறக்கப் பார்க்கும். அந்த நினைவு, புள்ளியில் தொடங்கும் கேஷ் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் செஷன்ஸ் என்று ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. இடமில்லாத அன்று அது பாதி எழுதியபடி நின்றிருக்கிறது, இடம் கிடைத்த பிறகும் அந்தப் பாதியைத்தான் ஒவ்வொரு முறையும் படித்துப் படித்து மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஃபோல்டரை அழிக்கவில்லை, பெயரை மட்டும் மாற்றினோம். ரீஸ்டார்ட். பட்டை வந்தது, ஐகான் வந்தது, அம்மாவின் படம் போட்ட அந்த ஃபோல்டரும் வந்தது.

ஆனால் நீ இந்த வரிசையில் செய்யாதே மீனா. நான் செய்த தப்பு அது, முதலிலேயே ஃபைல்களையெல்லாம் வேறு டிஸ்க்கில் காபி எடுத்து வைத்திருக்க வேண்டும். உன்னிடம் மிண்ட் போட்ட பென்டிரைவ் இருக்கிறது அல்லவா, அதைச் செருகி அதிலிருந்தே ஆன் செய். டிஸ்க்கில் எதையும் எழுதாமல் பென்டிரைவிலிருந்தே முழு டெஸ்க்டாப்பும் ஓடும். இன்ஸ்டால் என்று இருப்பதை மட்டும் தொட்டுவிடாதே. ஃபைல்களைத் திறந்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் காபி செய், முதலில் போட்டோ, அப்புறம் மற்றவை. அது முடிந்ததும் அங்கேயே டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிற பட்டியல், பார்க்கலாம். என்னுடையதில் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்) என்ற வரியில் 8 இருந்தது. அங்கே 0 இருக்கவேண்டும். ஹார்ட் டிஸ்க் தளர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அதனால் அதற்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி, 240 ஜிபியில் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன், கல்யாண வீடியோக்கள் வெளி டிஸ்க்குக்குப் போய்விட்டன. பின்பக்கம் ஒரு மூடி, சில திருகு, அவ்வளவுதான் வேலை. முன்பு ஆன் செய்துவிட்டு பால் காய்ச்சிவிட்டு வருவேன், இப்போது அடுப்பு பற்றவைப்பதற்குள் வந்துவிடுகிறது. 4 ஜிபி ராமில் மிண்ட் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. பதிமூன்று வருஷத்துக்கு மேல் உழைத்த பொருளை இடம் இல்லாமல் திணறியதற்காகக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். 2013இல் நீ வந்திருந்தபோது அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து நடவுப் பாட்டு பாடச் சொல்லிப் பதிவு செய்தோமே, அது உன் லேப்டாப்பில்தான் முழுசாக இருக்கிறது. என்னிடம் இருப்பது பதினோரு பாட்டு. டெஸ்க்டாப் வந்த அன்று முதலில் அதைத்தான் போட்டேன். மூன்றாவது பாட்டில் அம்மாவுக்கு அடி மறந்துபோய் நிற்கிறார்கள், பின்னால் ஆடு கத்துகிறது, நீ மெதுவாக முதல் சொல்லை எடுத்துக் கொடுக்கிறாய், அம்மா "ஆமாடி, அதான்" என்று சொல்லிவிட்டு மேலே பாடுகிறார்கள். அதற்குப் பிறகு மழை வரும்வரை பாடினார்கள், அந்த மீதி எல்லாம் உன்னிடம்.

கறுப்புத் திரையில் எதையும் நீயாகத் தட்டவேண்டாம், காபி முடிந்ததும் போன் பண்ணு, சேர்ந்தே செய்வோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கடைக்காரரிடம் இந்த வாரம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன்,
வசந்தா