மதராஸ் காலியான வருஷம்: அந்தக் குடும்பங்களுக்கு ஒரு மடல்

1942-இல் ஜப்பான் படைக்குப் பயந்து மதராஸை விட்டுக் கிளம்பிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வணக்கம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை வைத்து நான் ஒரு நாவல் எழுதினேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எழுதினேன். கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது. கேட்கலாம் என்றால் மிகச் சிலர்தான் மிச்சம். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகளாகச் சரித்திரக் கதைதான் எழுதிவருகிறேன். அரண்மனைப் பக்கம் போனதில்லை. ஊர் நடுங்கிப்போன நாட்களை எடுத்துக்கொண்டு, சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, சிரிப்பு தொண்டையில் சிக்கும்படி செய்வது என் வழி. முதல் நாவல் எம்டனைப் பற்றியது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. நம் பேச்சிலிருந்து மட்டும் போகவில்லை. கெட்டிக்காரப் பயலைப் பார்த்து இன்றைக்கும் ‘சரியான எம்டன்’ என்கிறோம். பயமுறுத்தியவன் பெயரை வீட்டுக்குள் கொண்டுவந்து புழங்குகிற அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்த நாவல்தான் உங்கள் வீட்டுக் கதை.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் அந்தமானும் போயின. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது மதராஸ்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அவசியம் இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போய்விடலாம் என்று கவர்னர் ஆர்தர் ஹோப்பின் சர்க்கார் சொல்லிவிட்டது. ஆபீஸ்கள் கடலை விட்டுத் தள்ளியிருந்த ஊர்களுக்கு நகர்ந்தன, ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போனது. ஜப்பான் படை வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

வராத எதிரிக்காகக் காலியான நகரம். அவல நகைச்சுவை எழுதுகிறவன் கையில் இப்படி ஒரு விஷயம் கிடைத்தால் சும்மா இருப்பானா? வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டு வேலூரில் திண்ணையைத் தேய்த்த மிராசுதார், கோப்புக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறிய குமாஸ்தா என்று எழுதிக்கொண்டே போனேன். வாசகர்கள் சிரித்தார்கள்.

அதில் ஏழாம் அத்தியாயம் மிருகக்காட்சிசாலை. வண்டலூருக்குப் போவதற்கு முன்னால் அது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில், பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்து, அந்த ஏப்ரலில் மலபார் ஸ்பெஷல் போலீஸை வைத்து அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். நான் அதை எப்படி எழுதினேன் தெரியுமா? தோட்டாக் கணக்கில் ஒன்று உதைக்கிறது. கணக்கை நேர் செய்ய ஒரு ஹெட் கிளார்க் செத்துக் கிடக்கும் சிறுத்தைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறார். எட்டுப் பக்கம். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அதைத்தான் வாசிக்கச் சொல்வார்கள்.

அப்படி ஒரு கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மாள் பக்கத்தில் வந்தார். எண்பது வயதைத் தாண்டியிருக்கும். “எங்கப்பா அங்கதான் தம்பி கறி போடுற வேலை பார்த்தாரு. எனக்கு அப்ப ஆறு வயசு. அன்னிக்குச் சாயந்திரம் வந்து வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சாரு. ரொம்ப நேரம் தேய்ச்சாரு. கவுத்து வச்சாரு. மறுநாள் விடியக்காலையில எழுந்து, வாளியை எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் போனாரு. அப்புறம் திரும்பி வந்துட்டாரு.” அந்த அம்மாளுக்கு என்மேல் கோபம் இல்லை. கதை நல்லா இருக்குப்பா என்றுகூடச் சொன்னார்.

அன்று ராத்திரி அந்த எட்டுப் பக்கத்தையும் திரும்பப் படித்தேன். சுடச் சொன்னவர் இருக்கிறார், சுட்டவர் இருக்கிறார், எண்ணியவர் இருக்கிறார். அந்தக் கூண்டுகளுக்கு நாள் தவறாமல் தீனி போட்ட ஆள் மட்டும் இல்லை.

அதிகாரியைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. மறுபடி எழுதினாலும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் கைக்குழந்தையோடு எழும்பூர் பிளாட்பாரத்தில் கிடந்தவர்களையும் அதே கிண்டலோடு எழுதியிருந்தேன். ஜப்பான்காரன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதே மாதங்களில் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். அதில் நம் ஆட்கள் ஏராளம். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அப்படித் தப்பி வந்த ஒருவர் தெருவில் இருந்தால் போதுமே, தெருவே மூட்டை கட்டாதா? என் நாவலில் பர்மா என்ற பெயர் இரண்டே இடத்தில் வருகிறது. அதுதான் என் பெரிய தப்பு.

அதற்குப் பிறகு தாது வருஷப் பஞ்சத்தை எழுதும்போது கொஞ்சம் கவனமாக இருந்தேன். 1877-இல் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார் வைஸ்ராய் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். அரைக் கிலோவுக்கும் குறைவு. சுகாதார கமிஷனர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். நிறுத்துப் போட்ட தராசின் பக்கம் சிரிப்பை வைத்தேன், வரிசையில் நின்றவர்கள் பக்கம் வைக்கவில்லை.

இப்போது 1942 நாவலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் ‘எவாக்குவேஷன் சமயத்துல’ என்று, ஊரைக் காலி செய்த அந்த நாட்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுதி வையுங்கள். எனக்கு அனுப்ப வேண்டும் என்றில்லை, உங்கள் வீட்டு நோட்டில் இருந்தால் போதும். எந்தத் தெருவிலிருந்து எந்த ஊருக்குப் போனார்கள், வண்டிக்கு என்ன கொடுத்தார்கள், எதை விட்டுவிட்டுப் போனார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள யாரை இருக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சொந்த ஊர் என்று ஒன்று இல்லாமல், குண்டு விழுந்தாலும் விழட்டும் என்று துறைமுகத்திலும் குப்பை வண்டியிலும் வேலை பார்த்தவர்களின் கதை அந்தப் பதிலில்தான் கிடைக்கும்.

ஏழாம் அத்தியாயம் இனி அந்த வாளியில் தொடங்குகிறது. அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். அப்பா பேரையே போட்டுக்கோ தம்பி என்றார். போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக் கதையை எழுதியவன்