மறைத்து வைத்த 19 நாள்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்ததுமே நீ "சரிம்மா, விடும்மா" என்று முடித்துவிடுகிறாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் உன் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து உட்கார்ந்துவிட்டேன். கறுப்பு மையில், எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன். வலது கண் களைத்துப்போனால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படி, அவசரமில்லை.

அப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்ததை 19 நாள் உன்னிடமிருந்து மறைத்தேன். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். நீ வீடியோ காலில் கேட்டபோது, அப்பா குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றேன். அப்பாவோ எனக்கு நாலடி தள்ளி, கட்டிலில் இருமலை அடக்கிக்கொண்டு கிடந்தார். மாப்பிள்ளையிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியது நான்தான். அவர் மேல் கோபப்படாதே. கடைசியில் அத்தை உனக்குப் போன் போட்டு, "அண்ணனுக்கு இப்போ தேவலையா?" என்று கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது.

ராத்திரி பஸ்ஸில் கிளம்பி விடிகாலையில் வந்து இறங்கினாய். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அப்பாவின் வலது கையை எடுத்து, மணிக்கட்டில் குழாய் விட்ட இடத்தில் கன்றிப்போய் மஞ்சளாகியிருந்த தடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தாய். என் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்கு 17ஆம் நாள் உன் எம்.எஸ். நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) மறுபடி தலைதூக்கி, பாதத்தில் மரமரப்பு ஆரம்பித்து இடுப்புவரை ஏறியது. ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியம்மா என்னிடம், "டென்ஷன்லதான் வந்திருக்கு. நீ மறைச்சு வச்சு, அவ திடீர்னு கேட்டதுதான் காரணம்" என்றார். மறுநாள் சித்தப்பா, "முதல்லயே சொல்லியிருந்தா இதைவிட மோசமாயிருக்கும்" என்றார். இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றேன். சொல்லியிருந்தாலும் என் தப்பு, சொல்லாவிட்டாலும் என் தப்பு. இரண்டு மாதம் எனக்குத் தூக்கமே இல்லை.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். 32 வருடம் கரும்பலகையில் நரம்பு செல் படம் போட்டவள் நான். நீண்ட இழையின் மேல் மணிமணியாய் மயலின் உறையை வரைந்து, "இது மின்கம்பியின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் மாதிரி" என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! இந்த நோயில் உடம்பின் காவல் செல்களே அந்த உறையைத் தேடிப் போய் அரிக்கும் என்று என் பிள்ளைக்கு வந்தபிறகுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். எதிர்வீட்டுப் பையன் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான் இல்லையா, அவன் கட்டுரைகளை எடுத்துக் கொடுத்தான். புரியாததை உன் டாக்டரிடமே கேட்டேன். போன தடவை நீ ஸ்கேனுக்கு உள்ளே போயிருந்த நேரத்தில்.

முதலில் எனக்குள்ளேயே கிடந்த ஒரு பயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் உன்னைத் தினம் நாலு மணிக்கு எழுப்பி உட்கார வைத்தேனே, அரை மார்க் குறைந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேனே, அதனால்தான் இந்த நோய் வந்ததோ என்று. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான செவிலியர்களிடம் வீட்டிலும் வேலையிலும் உள்ள மன அழுத்தத்தையும் சிறுவயதில் பட்ட கொடுமைகளையும் கேட்டு, யார் யாருக்கு எம்.எஸ். வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2011இல் வந்த முடிவு, மன அழுத்தம் இந்த நோயை வரவழைத்ததாகத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. 2022இல் வேறொன்று வந்தது. அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் அலசியதில், எப்ஸ்டைன் பார் வைரஸ் தொற்றியபிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. அந்த வைரஸ் உலகத்தில் பெரும்பாலோருக்கு எப்போதோ தொற்றிவிடுகிறது, நோய் வருவது வெகு சிலருக்குத்தான். நாலு மணிக்கு எழுப்பியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அது தனி. ஆனால் நோய்க்கு அது காரணமில்லை என்று இப்போது நம்புகிறேன்.

வந்துவிட்ட நோய் மறுபடி மறுபடி தலைதூக்குவதில், அதாவது ரிலாப்ஸில் மட்டும் மன அழுத்தத்துக்குப் பங்கு இருக்கிறது. இதை மழுப்ப நான் விரும்பவில்லை. 1868இல் பாரிஸில் இந்த நோயைத் தெளிவாக வகைப்படுத்திச் சொன்ன ஷார்கோ என்ற மருத்துவரே, நீண்ட நாள் துயரத்தையும் மனவேதனையையும் இதோடு சேர்த்துப் பேசியிருக்கிறார். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 73 நோயாளிகளை வாரா வாரம் டைரி எழுதச் சொன்னார்கள். மனதைப் பிசைந்த ஒரு சம்பவம் நடந்தால் அடுத்த நாலு வாரத்தில் ரிலாப்ஸ் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு கூடியது. இது 2003இல். படித்ததும் நான் கணக்குப் போட்டேன். 17 நாள், நாலு வாரத்துக்குள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் அதையே திரும்பப் படித்தபோதுதான் மற்றது கண்ணில் பட்டது. அதே 73 பேரில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே அந்தக் காலத்தில் ஒரு தடவையாவது அப்படிச் சம்பவம் நடந்திருக்கிறது. எல்லோரும் ஒவ்வொரு தடவையும் படுக்கவில்லை. தொற்று வந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம், மூன்று மடங்கு. அந்த பஸ்ஸில் வந்து இறங்கிய வாரம் உனக்குச் சளியும் காய்ச்சலும் இருந்ததே, நான்தானே கஷாயம் போட்டேன். அப்பா விஷயமா, நான் மறைத்ததா, அந்தக் காய்ச்சலா, எதுவுமே இல்லாமல் தானாகவே வந்ததா? டாக்டரிடம் கேட்டேன். ஒரு குறிப்பிட்ட ரிலாப்ஸுக்கு இதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்.

2004இல் 14 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டவர்களும் அதையே எழுதியிருக்கிறார்கள். தொடர்பு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, அடுத்த வரியிலேயே, இதை வைத்துக்கொண்டு நோயாளிதான் தன் ரிலாப்ஸுக்குப் பொறுப்பு என்று யாரும் முடிவு கட்டக்கூடாது என்கிறார்கள். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், வரும்போது காட்டுகிறேன். பாப்பா, இதை நீ நம்ப வேண்டும். போன மாதம் நீ மாப்பிள்ளையிடம், "நான் டென்ஷன் ஆகாம இருந்திருந்தா கால் நல்லா இருந்திருக்கும்" என்று அழுதது எனக்குத் தெரியும். நீ எதையும் வரவழைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் படித்தேன், ஆச்சரியமாக இருந்தது. 1991 வளைகுடாப் போரில் இஸ்ரேலில் ஏவுகணை விழுந்தபோது, அங்கே 32 எம்.எஸ். நோயாளிகளைக் கவனித்திருக்கிறார்கள். ரிலாப்ஸ் கூடும் என்றுதானே நினைப்போம்? குறைந்திருக்கிறது. 2006 லெபனான் போரின்போது அதே நாட்டில் பார்த்தால் கூடியிருக்கிறது. ஒரே மாதிரி பயம், இரண்டு மாதிரி விளைவு. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிற மாதிரி இல்லை இது. உடம்பில் ஓடும் கார்டிசால் என்ற ஹார்மோன் காவல் செல்களை அடக்கி வைக்கிற வேலையைச் செய்கிறது. மாதக்கணக்கில் அழுத்தம் ஓயாமல் இருந்தால் அந்த செல்கள் அதன் பேச்சைக் கேட்பதை விட்டுவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். எனக்கு அது சட்டென்று புரிந்தது. நாள் முழுக்க அதட்டிக்கொண்டிருக்கிற டீச்சரை எந்த வகுப்பு மதிக்கும்?

அதனால் ஒரு அதிர்ச்சிச் செய்தியைவிட உன் தினசரி வாழ்க்கைதான் எனக்கு அதிகக் கவலையாக இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அமெரிக்காக்காரனோடு கால். பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம். இதெல்லாம் போக, ஆபீஸில் யாருக்கும் தெரியக்கூடாது என்று கால் இழுப்பதை மறைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாய். நான் 19 நாள் மறைத்ததற்கே என் உடம்பு என்ன பாடுபட்டது தெரியுமா? நீ நாலு வருடமாக மறைக்கிறாய். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லியிருக்கிற 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று. உன் மேனேஜரிடம் ஒருவரிடமாவது சொல். ராத்திரி காலை மாற்றித் தரக் கேள். கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

கவுன்சலிங் போகிறேன் என்று நீ சொன்னபோது, "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்றேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். 121 நோயாளிகளில் பாதிப் பேருக்கு 24 வாரத்தில் 16 தடவை, மன அழுத்தத்தைக் கையாளப் பழக்குகிற சிகிச்சை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு மூளை ஸ்கேனில் புது அழற்சித் தழும்பு இல்லை. மற்றவர்களில் 55 பேருக்குத்தான் அப்படி. சிகிச்சை நின்றதும் அந்தப் பலனும் நின்றுபோனது, 2012இல் வந்த அந்தக் கட்டுரையிலேயே அது இருக்கிறது. அதனால் மருந்துக்குப் பதில் யோகா போதும் என்று சித்தப்பா சொல்வதைக் காதில் வாங்காதே. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றுகிற மருந்து ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது. அதோடு சேர்த்து கவுன்சலிங்கும் போ. பணம் நான் தருகிறேன், என் பென்ஷன் எதற்கு?

நாலு வருடம் முன்னால் பொங்கல் லீவில், நீ வாசல் செம்பருத்தியை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டு நின்றாய். "இந்தக் கண்ணுக்குச் சிவப்பா இருக்கும்மா, அந்தக் கண்ணுக்கு வெளுத்துத் தெரியுது" என்றாய். ராத்திரியெல்லாம் லேப்டாப் பார்த்தால் அப்படித்தான் என்று திட்டினேன். பார்வை நரம்பு வீங்கினால் முதலில் மங்குவது சிவப்புதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தச் செடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திட்டுதான் ஞாபகம் வருகிறது.

அதே மாதிரி போன தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்து, ஆவி பறக்கிற வெந்நீரை ஊற்றியதும் உன் கண் மங்கிவிட்டது. திரும்ப வந்துவிட்டது என்று வீடே அலறினோம். நீ மட்டும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, "அரை மணி நேரம் இருங்கம்மா" என்றாய். சரியாகப் போய்விட்டது. சூட்டில் நரம்பு தற்காலிகமாகத் தடுமாறுவதை 1890இலேயே ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். புது ரிலாப்ஸ் என்றால் காய்ச்சல், தொற்று இல்லாமல் 24 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். இது தெரியாமல் உன்னைச் சுற்றி நின்று அழுதது நாங்கள்தான். இந்த வருடம் உனக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

தினமும் போனில், "டென்ஷன் ஆகாதே, டென்ஷன் ஆகாதே" என்று சொல்வதையும் விட்டுவிடுகிறேன். அது உனக்கு இன்னொரு பாரம் என்று மாப்பிள்ளை பக்குவமாக எடுத்துச் சொன்னார். பெரியம்மாவிடமும் பேசிவிட்டேன்.

இனி இந்த வீட்டில் நடப்பதை உனக்கு உள்ளபடி சொல்கிறேன். இன்றைக்கே ஆரம்பிக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் ஆச்சி முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டிருக்கிறது, ஆறு வாரம் இருக்க வேண்டுமாம். தலையில் அடியில்லை, இடுப்பு நன்றாக இருக்கிறது. வலது கையால் தானே சாப்பிடுகிறார். நேற்றுக்கூட ரசத்தில் உப்பு குறைவு என்றார். "பிள்ளைகிட்ட சொல்லிராதே" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். சொல்லிவிட்டேன் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கு அடுத்த மாதம் செக்கப். முடிந்த அன்றே கூப்பிடுகிறேன், எப்படி இருந்தாலும். கால் இன்னும் மரத்துப்போகிறதா, எந்த நேரத்தில், எதுவரை என்று நீயும் எனக்குச் சரியாக எழுது.

அன்புடன்,
அம்மா