தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், செந்தூல், கோலாலம்பூர்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயலவை மாதந்தோறும் கூடியது. நோன்புப் பெருநாள் மாதத்தில் மட்டும் ஆள் சேரவில்லை. விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணங்கள், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் புத்தகப் பைகள் வழக்கம்போல் வழங்கினோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

சென்ற பொதுக்கூட்டம் ஒப்படைத்த பெரிய வேலை, பள்ளி வரலாற்றை ஒரு மலராகத் தொகுப்பது. திறப்பு விழாப் படம், கல்வெட்டு என்று தேடப் போனோம். கிடைத்தவை கரையான் மிச்சம் வைத்த சேர்க்கைப் பதிவேடுகள். அவற்றில் ‘தகப்பனார் தொழில்’ என்ற கட்டத்தைப் பார்த்தபின் நாங்கள் நகரவில்லை. பிட்டர், கிளீனர், தண்டவாளக் கூலி எனப் பக்கம் பக்கமாக ரயில்வே. முகவரி என்றால் குவார்ட்டர்ஸ் (ரயில்வே ஊழியர் குடியிருப்பு) எண் மட்டுமே. 1945இல் நேச நாட்டு விமானங்கள் செந்தூல் ரயில்வே பட்டறை மீது குண்டு வீசியதைப் படித்திருக்கிறோம். போர் முடிந்தபின் எழுதிய ஏட்டில், முதல் வகுப்பில் சேர்ந்த சில பிள்ளைகளுக்கு வயது பதினொன்று.

பட்டறை பேராக்கிலுள்ள பத்து காஜாவுக்குப் போனது, குவார்ட்டர்ஸ் இடிந்தது, கொண்டோ (அடுக்குமாடி வீடுகள்) எழுந்தது. இன்றைய ஏட்டில் லாரி ஓட்டுநர், பாதுகாவலர், கணக்காளர், கிராப் வாடகைக்கார் ஓட்டுநர். முகவரி செலாயாங், கெப்போங், ரவாங். ரவாங் பிள்ளைகள் விடியுமுன் வேன் ஏறுகிறார்கள். மாணவர் குறைந்தால் பெற்றோருக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று மேடையில் பேசிவிடுகிறோம் (நானும் பேசியிருக்கிறேன்). பள்ளியைச் சுற்றி நடந்து வரும் தூரத்தில் நம்மவர் குடியிருக்க வீடு எங்கே? 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று ஏறத்தாழ 530. தோட்டத்தில் குடியிருப்பு கலைந்து பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள்; பட்டணத்திலும் அதுவே நடந்திருக்கிறது.

மலரை 1816இல் பினாங்கு ப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து எழுத வேண்டும் என்பது செயலவையில் ஒரு சாரார் கருத்து. இருநூறாம் ஆண்டு விழாவில், 2016இல், அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நம் மலர் குவார்ட்டர்ஸிலிருந்து தொடங்கட்டும் என்றேன். முடிவை இக்கூட்டத்திற்கு விடுகிறோம். பதிவேட்டுப் பெயர்களைக் குடும்பத்தாரின் அனுமதியின்றி அச்சிடுவதில்லை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

பழைய வகுப்புப் படம் வைத்திருப்போர் கொண்டு வாருங்கள். நகலெடுத்து அன்றே தருவோம். அப்படிச் சொல்லி வாங்கியதில் இரண்டு படங்கள் இன்னும் என்னிடமே இருக்கின்றன. உரியவர்கள் தேநீர் வேளையில் என்னைப் பார்க்கவும்.

செயலாளர்